என் மகள் முதலில் பேசிய மொழி

என் மகள் இப்போது கிழமையில் இரண்டு பின்னேரம் சிங்கள வகுப்புக்குப் போய் வருகிறாள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சோதனை பாஸ் பண்ண வேண்டும். வந்ததும் கொப்பியை மேசையில் எறிந்துவிட்டு, "சின்ன வயசிலையே ஆராவது சொல்லித் தந்திருந்தா எனக்கு இந்தக் கரைச்சல் இல்லை. உங்களுக்கு அந்த யோசனையே வரேல்லையோ அம்மா?" என்று என்னில் பாய்வாள். அவளுடைய சிநேகிதிகள் வந்தாலும் இதே கதைதான். ஒருத்தி இங்கிலீஷைச் சின்னதிலேயே ஒழுங்காகப் படித்திருக்க வேண்டுமாம். இன்னொருத்திக்குக் குவைத்துக்குப் போக அரபு தெரிந்திருக்க வேண்டுமாம். "நீ தமிழுக்கு முன்னம் சிங்களம் கதைச்சனி பிள்ளை" என்று நான் சொன்னால், "சும்மா கதை விடாதேங்கோ" என்று சிரிக்கிறாள்.

நான் ஏன் கதை விடப்போகிறேன்?

அவள் பிறந்த நேரம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்களுக்கு அரசாங்கக் குவாட்டர்ஸ் தந்திருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, பின்வளவில் நடுவே இடுப்பளவு மதில். நான் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். என் மனிசனை மன்னாருக்கு மாற்றிவிட்டார்கள், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். என்னுடைய ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தில். பிரசவ லீவு முடியப்போகிறது, கைக்குழந்தையை யாரிடம் விடுவது? "வேலையை விட்டுவிடும்" என்றார் இவர், ஏதோ பழைய செருப்பை விடச் சொல்வதுபோல. எனக்கு வந்த கோபம்! இங்கிலீஷில் படித்து, சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணி, நானாக எடுத்த வேலை அது. விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, வழி ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் நேவிக்காரர் ஒருவரின் பெண்சாதி இருந்தா. தெற்கே காலிப் பக்கத்துச் சிங்கள மனுசி. இரண்டு பொடியன்களையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டால் பிறகு நாள் முழுக்கத் தனிய. அவவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எனக்குச் சிங்களத்தில் ஓமுக்கு 'ஓவ்', இல்லைக்கு 'நே' என்ற இரண்டும்தான் முதல். மதிலுக்கு மேலால் சிரிப்போம், முருங்கைக்காய் கொடுப்போம், கறிவேப்பிலை வாங்குவோம். அதற்கு மேல் ஏலாது.

குறிஞ்சாக்கேணியிலிருந்து தயிர்ச்சட்டி விற்க வருகிற முஸ்லிம் நானாவுக்கு இரண்டு பாஷையும் தண்ணிபட்ட பாடு. அவரை மதிலடியில் நிறுத்தினேன்.

"நானா, பகலிலை பிள்ளையைப் பாக்க ஏலுமோ எண்டு அவவிட்டைக் கேளுங்கோ. என்ன சம்பளம் வேணுமெண்டும் கேளுங்கோ."

அவர் கேட்டார். அந்த மனுசி கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் கதைத்தா. நானா திரும்பி, "ஓமாம்" என்றார்.

"இவ்வளவு கதையும் ஒரு ஓமோ?"

"மிச்சமெல்லாம் போன கிழமைத் தயிர் புளிச்சதெண்டு எனக்கு ஏசினது தங்கச்சி. சம்பளம் வேணாமாம். பொம்புளப் புள்ள இல்லாத ஊடாம், புள்ளயத் தரட்டாம்."

'தரட்டாம்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பிள்ளையை மதிலுக்கு மேலால் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டும் வைத்து வைத்திருப்பா. பொட்டு வைக்கிற பழக்கம் அவவுக்கு இல்லை, எனக்காகத்தான் வைத்தா. நான் வந்து தூக்குகிற நேரம் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடும். பிறகு என்ன பேசுவது, என்ன கொஞ்சுவது? பிள்ளை வாய் திறந்தபோது தண்ணீருக்கு 'வத்துர' என்றது. பசித்தால் 'படகினி'. அந்த மனுசியை 'லொக்கு அம்மா' என்றது, எங்களுடைய பெரியம்மா மாதிரி. கந்தோரில் சொன்னபோது எல்லோரும், "நல்லது, பிள்ளைக்குப் பிற்காலத்துக்கு உதவும்" என்றார்கள். நானும் பெருமையாகத்தான் தலையாட்டினேன்.

மூன்று வயதானபோது அந்தப் பெருமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை என் முன்னால் நின்று வாய் ஓயாமல் கதைப்பாள். எனக்குப் பத்தில் இரண்டு சொல் விளங்கும். நான் தமிழில் சொல்வது அவளுக்கு விளங்கும், பதில் மட்டும் சிங்களத்தில் வரும். நான் பிழையாகப் புரிந்துகொண்டு வேறு சாமானை எடுத்துக் கொடுத்தால் காலை உதைத்து அழுவாள். அழுதுகொண்டு மதிலடிக்கு ஓடுவாள். அங்கே போனால் ஒரு வசனம் போதும், அழுகை நின்றுவிடும். எனக்கு எரியும். பொறாமைதான், வேறென்ன? பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான். என் பிள்ளை எனக்கு விளங்காத ஆளாகப் போய்விடுவாளோ என்ற பயம் என்னைப் போட்டுத் தின்றது. கந்தோரில் டைப் அடிக்கிறபோதும் அதே நினைப்பு.

அந்த நேரம் பார்த்து நேவிக்காரருக்குக் காலிக்கு மாற்றம் வந்தது. லொறியில் சாமான் ஏற்றியபோது அந்த மனுசி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், அப்பாடா என்றும் இருந்தது. பிள்ளையைப் பார்க்கக் பக்கத்தில் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை ஒழுங்குபண்ணினேன்.

பிள்ளை மதிலடியை விட்டு நகரவில்லை. 'லொக்கு அம்மா கோ?' என்று கேட்டது எனக்கு விளங்கியது. எங்கே என்று கேட்கிறாள். "ஊருக்குப் போட்டா" என்றேன். அதற்குப் பிறகு இன்னொன்றைக் கேட்கத் தொடங்கினாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நானும் எதையெதையோ காட்டினேன், விசுக்கோத்து, பொம்மை, பூனைக்குட்டி. எல்லாவற்றுக்கும் 'நே, நே' என்று தலையை ஆட்டி அழுதாள். கடைசியில் தயிர் நானா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நானா, இவள் என்ன கேக்கிறாள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"எங்கட அல்லாஹ்! பெத்த புள்ளட கதைய வெளங்கப்படுத்தச் சொல்ற தாயை இண்டைக்குத்தான் காணுறன்" என்று பகிடி பண்ணிக்கொண்டு குனிந்தார். பிள்ளை அவருடைய முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நானாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பகல்ல அவட தலையை இந்தப் புள்ளதான் சீவி உடுறதாம். இனி அவக்கு ஆர் சீவுறதெண்டு கேக்குது."

நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு நாளாக நாளாக எல்லாம் மாறியது. 'வத்துர' தண்ணியானது, 'படகினி' பசிக்குது ஆனது. மதிலடிக்குப் போவதும் குறைந்தது. அடுத்த வருடம் பாலர் வகுப்பில் விட்டபோது அவளிடம் ஒரு சிங்களச் சொல்கூட மிஞ்சவில்லை. எனக்குச் சந்தோசம். பொய் சொல்லமாட்டேன், நல்ல சந்தோசம். வாய் ஓயாமல் என்னோடு கதைத்தாள், ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஊதிய உயர்வுக்காக நான் அந்த நாட்களில் சிங்களம் படித்துக்கொண்டிருந்தேன். சோதனைக்குப் படித்தது பாதி, பிள்ளையின் வாயிலிருந்து முன்பு பொறுக்கினது பாதி. ஒருவழியாக ஆட்கள் பேசுவது பிடிபடத் தொடங்கியிருந்தது.

அப்படியிருக்க ஒரு விடுமுறை நாள், மத்தியானத்துக்கு முன்னம், வாசலில் அந்த மனுசி நிற்கிறா! யாத்திரை வந்த பஸ் பட்டினத்தில் நிற்கிறதாம், நாலு மணிக்குத்தான் வெளிக்கிடுமாம். மற்றவர்கள் கடற்கரைக்குப் போக, இவ மேட்டில் ஏறி எங்களிடம் வந்திருக்கிறா. வேர்த்து விறுவிறுத்து, கையில் ஒரு தகரப் பேணி நிறையக் கொக்கிஸ், எண்ணெயில் பொரித்த பலகாரம். வந்ததும் வராததுமாக என் மகளைக் கண்டு இரண்டு கையையும் நீட்டினா. 'என் தங்கமே, எவ்வளவு வளர்ந்துவிட்டாய், உன்னைக் காணாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, நீ என்னை நினைத்தாயா' என்று ஒரே மூச்சில் சிங்களத்தில் கேட்டா. எனக்கு அத்தனையும் விளங்கியது.

மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, ஆர் இந்த மாமி? என்ன சொல்லுறா?"

அந்த மனுசிக்குத் தமிழ் விளங்காது. கையை நீட்டியபடியே என்னைப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டா. முகமெல்லாம் சிரிப்பு.

நான் இத்தனை நாளும் எதை விரும்பினேனோ அது நடந்துவிட்டது. பிள்ளை முழுக்க எனக்குத்தான்.

"லஜ்ஜயி" என்றேன். வெட்கப்படுகிறாள் என்று அர்த்தம்.

"ஆ, லஜ்ஜயித?" என்று அவ பெரிதாகச் சிரித்தா. கதிரையை எடுத்துப் போட்டேன், இருக்கவில்லை. பிள்ளைக்கு நேரே நிலத்தில் காலை மடித்து உட்கார்ந்து, பேணியைத் திறந்து ஒரு கொக்கிஸை அவள் கையில் வைத்தா. மகள் அதைக் கடித்துக்கொண்டு, கதைக்கிற அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் என்று, பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் அந்த மனுசி அவளோடு கதைத்துக்கொண்டே இருந்தா.