பூட்டிக் கிடந்த டோலி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் வலது தோளில் அந்தக் கன்றிப்போன தடம் இன்னும் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

ருவாண்டாவின் வடக்கே எங்கள் குன்று. நான் அங்கே ஊர்ச் சுகாதாரத் தொண்டன். போர் முடிந்ததும் நாங்களே மூங்கிலில் ஒரு டோலி பின்னினோம். நோயாளி யாரானாலும் முறைவைத்துத் தூக்குவோம். போரில் யார் யாரை என்ன செய்தார்கள் என்ற பேச்சு அந்தக் கம்புக்கடியில் வராது. வழியில் டோலியைப் பார்க்கிறவன், முன்பின் தெரியாதவனானாலும், தோள் கொடுத்தே ஆகவேண்டும்.

அதைத்தான் வட்டாரச் செயலர் கட்சின்சி அலுவலகத்தில் பூட்டிவைத்தார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். மேலிடத்து ஆட்கள் டோலியைப் பார்த்தால் அவர் பெயர் கெடுமாம். அடுத்த மழையிலேயே ஆம்புலன்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. எங்கள் குன்றுப் பெண் தன்சில்லா பிரசவ வலியோடு நடந்து போய், பாலத்தருகே இரத்தம் போய் இறந்தாள்.

"அவ பக்கத்துக் குன்றுக்காரின்னு சொல்லிடு" என்றார் கட்சின்சி. அவர் கணக்கில் சாவு வரக்கூடாதாம்.

அந்த மாதமே என் தங்கை பிபியானாவுக்கு நாள் நெருங்கியது. மறுபடியும் மழை. சாவி கேட்டுப் போனேன். மதுக்கடையில் கம்பியில் சுட்ட ஆட்டுக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டோலியக் குடுங்க ஐயா. தங்கச்சிக்கு எப்ப வேணா வலி வரும்."

"அதான் ஆம்புலன்ஸ் இருக்கேப்பா."

"இந்தச் சேத்துல அது வராதுங்க."

"அப்ப நீயே தூக்கிட்டுப் போ. மாடு மாதிரிதானே இருக்கே."

எண்ணெய் விரல்களை என் சட்டையில் துடைத்துவிட்டுச் சிரித்தார். சீ... அதுவும் ஒரு மனுஷப் பிறவியா?

திரும்பும்போது மாலை ஆறரை. மூடுபனி. எதிரே ஒரு டோலி வந்தது. முழுக்கப் போர்த்தியிருந்தது. தூக்கியவர்கள் மூன்றே பேர். வேற்றூர்க்காரர்கள் போல. முன் வலது முனை காலி.

வழக்கப்படி தோள் கொடுத்தேன்.

"யாருக்கு என்ன?"

டோலி தூக்குகிறவர்கள் வாய் ஓயாது. நோயாளி கண் செருகக்கூடாதென்று பேசிக்கொண்டே போவோம். இவர்கள் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

"தோள் மாத்திக்கலாமா?"

கனம் மட்டும் ஏறியது.

சொட்... சொட்...

கழுத்தில் ஏதோ விழுந்தது. ஜில்லென்று. இரத்த வாடை... பழைய இரத்தம்.

பாலம் வந்தது.

"அண்ணே... கொஞ்சம் மெதுவா..."

உள்ளேயிருந்து. தன்சில்லாவின் குரல்.

கம்பை விடப் பார்த்தேன். தோள் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தேன்...

சுகாதார நிலைய விளக்கு தெரிந்ததும் கனம் சட்டென்று போனது. டோலி இல்லை. ஆட்கள் இல்லை.

"எங்கேய்யா போனே? உன் தங்கச்சி உள்ளே இருக்கா" என்று நர்ஸ் வாசலிலிருந்து கத்தினார்.

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

காலையில் அலுவலகத்தைத் திறந்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது. டோலி அதே மூலையில் கிடந்தது. கம்புகளின் நான்கு முனையிலும் ஈரச் சேறு. கட்சின்சி அதைத் துடைக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸில் வந்த பிள்ளை என்று சொல்லி எங்கள் குழந்தையைத் தூக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டார். அந்தக் கையை வெட்டலாம் போலிருந்தது.

அவர் போனதும் பிபியானாவிடம் கேட்டேன்.

"மூணு பேர் வந்து தூக்கினாங்க. நீ அனுப்பின ஆளுங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"பாலத்துக்கிட்ட மெதுவாப் போகச் சொன்னியே, உன் குரல் ஏன் தன்சில்லா குரல் மாதிரி இருந்துச்சு?"

"நான் வாயே திறக்கலண்ணா. அவதான் சொன்னா. வழி பூரா எம் பக்கத்துலயே படுத்திருந்தா... ஒடம்பெல்லாம் ஈரம்."