விளக்குப் பெட்டி அருள்தாஸ்

அருள்தாஸ் அண்ணனைப் போல ஒரு வெகுளியை ஏன் படைத்தாய் என்று அந்த ஆண்டவனைத்தான் கேட்க வேண்டும். கரியமாணிக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மனுஷன். வில்லியனூர்ப் பக்கம் மருந்துச் சரக்கு செய்யும் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்து, ஆறு வருஷம் விளக்குப் பெட்டியைப் பார்த்தார். அதே ஷிப்டில் கேன் மாற்றுகிறவள் நான்.

பெட்டிக்குள் நீல விளக்குகள். அவற்றைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழாய். கரைசல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே வெளிச்சம் பட்டு மருந்துச் சரக்காக மாறும். குமிழி அடைத்திருக்கிறதா என்று அடிக்கடி கதவைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். வெளிச்சம் படாத கரைசல் கேனில் விழுந்து அத்தனையும் பாழ். சூப்பர்வைசர் கலைச்செல்வன் வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

போன வருஷம் மாதா கோயில் தேர்த் திருவிழாக் கடையில் காந்தம் வைத்த மாதா படம் ஒன்று வாங்கி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான்தான் கதவோரம் ஒட்டினேன். அது சரியாக, கதவு திறந்தால் விளக்கை அணைக்கும் சுவிட்சின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கதவைத் திறந்தாலும் விளக்கு அணையவில்லை. கதவு மூடியே இருப்பதாகக் காந்தம் சுவிட்சை ஏமாற்றுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்தோமா? மாதா புண்ணியம் என்று சிரித்தோம். கலைச்செல்வனும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீல வெளிச்சம் கண்ணைத் தாக்காமலிருக்கக் கொடுத்த ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டால் குமிழி சரியாகத் தெரியாது. அண்ணன் அதை நெற்றிக்குத் தூக்கிவிட்டு எட்டிப் பார்ப்பார், ஒரு நாளைக்குப் பத்து முறை.

ஒரு நாள் என்னைப் பார்த்து, "இன்னா ரோஸ்லினு, உன் மூஞ்சி நடுவுல கருப்பா தெரியுது?" என்றார்.

கண்ணின் உள்திரை நடுவில் கருகிவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் எழுத்து தெரியாது, ஆள் முகம் தெரியாது. வேலையில் நேர்ந்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் வைத்தியமும் நஷ்டஈடும் கிடைக்கும். அதை நம்பித்தான் அவரும் அவர் சம்சாரம் அமிர்தமும் இருந்தார்கள்.

கலைச்செல்வன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பலமுறை எச்சரித்தும் கேளாமல் நானே கண்ணாடியைக் கழற்றினேன் என்று அருள்தாஸ் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. மாதா படம் அதற்குள் பெட்டியிலிருந்து காணாமல் போயிருந்தது.

"படத்த ஒட்டுனது யாருன்னு எழுதட்டுமா? இல்ல, நீயே அவரு வூட்டுக்குப் போயி கையெழுத்து வாங்கியாறியா?"

போனேன், பாவி. அமிர்தம் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

அண்ணன் தாளை ஓரக்கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் புடிபடலம்மா. இன்னா எழுதியிருக்காங்க?"

"வேலையில ஆச்சுன்னுதாண்ணா."

"நீ இருக்கங்காட்டியும் எழுதிக் குடுத்தானுங்க. நல்லாயிருப்பம்மா நீ. எந்த எடம், காட்டு."

அவர் கையைப் பிடித்து, பேனா முனையைச் சரியான இடத்தில் வைத்தேன்.