கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது

வாலகின் கவுன்சிலில் எதையும் விதிப்படி செய்கிறவர் என்று கெல்வின் ட்ரெசிடருக்குப் பெயர். அந்தப் பெயர் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. கோதுமை விவசாயி, கூட்டத்தில் பேச வராது. முதல் கூட்டத்தில் ஒரே தீர்மானத்தின் மேல் இரண்டாவது முறை எழுந்தபோது, தலைவி ஹெதர் ஹாட்ரில், "உக்காருங்க கெல், ஆளுக்கு ஒரு தடவைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே கூட்ட விதிகளை டிராக்டரில் வைத்துப் படிக்கத் தொடங்கினார். இப்போதெல்லாம் டிராக்டர் தானே நேர்கோட்டில் ஓடுகிறது. வயலின் மறுகோடி வருகிறவரை ஓட்டுகிறவருக்கு வேலையில்லை. இரண்டு விதைப்புப் பருவத்தில் விதிகள் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

அவர் தேர்தலில் நின்றதே ஜில்பா ஓடைப் பாலத்துக்காக. பழைய மரப்பாலம். அவருடைய பண்ணை அதற்கு அந்தப் பக்கம். மனைவி கிளெனிஸுக்கு இதயம் பலவீனம். மாத்திரைகள் என் மருந்துக்கடையில்தான் வாங்குவார்கள். பாலம் வழியாக ஆம்புலன்ஸ் போக கால் மணி நேரம். பாலம் இல்லையென்றால் வடக்கே நெடுஞ்சாலையைச் சுற்றிப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் தாங்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

கவுன்சிலில் ஏழு பேர். மூன்று பேர் பாலத்தைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். ஹெதரும் இன்னும் இரண்டு பேரும் இடிக்கச் சொன்னார்கள். ஏழாவது கெல்வின். அந்தப் பாலம் பல குடும்பங்களுக்குப் பொது, அதனால் அவர் வாக்களிக்கத் தடையில்லை என்று நிர்வாக அதிகாரி ஸ்டூவர்ட் முன்பே சொல்லிவிட்டார். நான்குக்கு மூன்று, பாலம் நிற்கும். ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு.

மார்ச் மாதக் கூட்டத்தில் பாலத்துக்கு முந்தைய விஷயம், சாலைக்குச் சரளை ஏற்றும் டெண்டர். கெல்வினின் மகன் டேரன் அதற்கு விலை குறித்துக் கொடுத்திருந்தான். சொந்தக்காரர் விஷயம் வந்தால் உறுப்பினர் அதை அறிவித்துவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். விஷயம் முடிந்து ஸ்டூவர்ட் கதவைத் தட்டிக் கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம். எங்கள் ஊரில் அப்படிப் போகிறவர் பக்கத்துச் சமையலறைக்குப் போவார். போனவர் தேநீருக்கு வெந்நீர் போட்டு, ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவ வேண்டும் என்பது எங்கும் எழுதாத வழக்கம். வாலகினில் பாதிப் பேருக்கு மீதிப் பேர் உறவு என்பதால், எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் தடவிக்கொண்டிருப்பார்.

சமையலறைக்கும் கூட்ட அறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஒரு சின்ன சன்னல் உண்டு. போன வருடம், தன் கொட்டகை அனுமதிக்காக வெளியே போயிருந்த நெவில் ஸ்டாக், அதன் வழியே தலையை நீட்டி, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். கெல்வின் உடனே ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். விஷயம் முடிகிறவரை போனவர் போனவர்தான், தலை மட்டும் உள்ளே வர முடியாது என்றார். நெவில் எழுந்து நின்று வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. நெவில் அதை மறக்கவில்லை. பாலத்தை இடிக்கச் சொன்ன மூவரில் அவரும் ஒருவர்.

அன்று பார்வையாளர் வரிசையில் கிளெனிஸ், அவள் பக்கத்தில் நான், பின்னால் இரண்டு பேர். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அந்த விதி ஒத்துப்போகும். வந்து பதினான்கு வருடமாகியும் இந்த ஊர்க் கூட்டத்தில் இருமுவதற்குக்கூட இரண்டு தடவை யோசிக்கிற ஆள் நான்.

கெல்வின் அறிவித்துவிட்டு வெளியே போனார். சரளை விவாதம் தொடங்கியது. சரளையின் பரிசோதனை முடிவு எங்கே என்று நெவில் கேட்டார். ஸ்டூவர்ட்டிடம் அது இல்லை. பொறியாளருக்கு போன் செய்து கேட்டுவருகிறேன் என்று தன் அறைக்குப் போனார்.

"அவர் வர்ற வரைக்கும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு உக்காரணுமா?" என்றார் ஹெதர். "சரளை அப்படியே நிக்கட்டும். அடுத்தது பாலம்."

ஹெதர் அதை வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கெல்வினைக் கூப்பிடுவது ஸ்டூவர்ட்டின் வேலை, ஸ்டூவர்ட் அங்கே இல்லை. வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. சன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே வெண்ணெய் தடவுகிற கத்தியின் சத்தம் நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

கிளெனிஸ் எழுந்துவிட்டாள். "ஹெதர், என் வீட்டுக்காரர் இன்னும் சமையக்கட்டுல நிக்கிறாரு!"

"கிளெனிஸ், பார்வையாளர் பேசக் கூடாது."

"பேசல. எண்ணிச் சொல்றேன். ஏழு தலை இருக்கணும், ஆறுதான் இருக்கு."

"சரளை இன்னும் முடியல. அது முடியற வரைக்கும் அவர் வெளியிலதான்."

"யார் சொன்னா?"

"உன் வீட்டுக்காரர்தான்," என்றார் நெவில். "போன வருஷம். நல்லா ஞாபகம் இருக்கு."

"இன்னொரு வார்த்தை பேசினா வெளிய அனுப்பிடுவேன், கிளெனிஸ்."

"நீ என்ன அனுப்பறது? நானே போறேன். அங்கயாவது ஸ்கோன் இருக்கு."

அவள் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதன் பிறகு அவர்கள் பேசியது அறை முழுக்கக் கேட்டது. சன்னலை மூட யாரும் எழவில்லை.

"உள்ள போய்யா."

"கூப்பிடல."

"பாலம் போகுது."

"கேக்குது."

"கேட்டுட்டு நிக்கிறியா?"

"டேரன் விஷயம் முடியறதுக்கு முன்னாடி நான் உள்ள போனா என் பதவி போகும். அது போனா போகட்டும். அப்பன் உள்ள வந்துட்டான்னு அவன் டெண்டரையும் செல்லாதுன்னுடுவாங்க."

கொதித்த வெந்நீரை இறக்கி வைக்கிற சத்தம்.

"அப்ப அவனுக்கு போன் போடு. டெண்டரை வாபஸ் வாங்கச் சொல்லு. டெண்டர் இல்லன்னா நீ உள்ள வரலாம்ல?"

"வரலாம்."

"போடு, அப்ப."

"லாரி வாங்கி மூணு மாசம் ஆகல, கிளெனிஸ். ரெண்டாவது குழந்தை வேற."

"எனக்குத் தெரியாதா," என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. பிறகு, "அந்தக் கத்தியக் குடு. வெண்ணெய என்னமோ சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அடிக்கற."

உள்ளே ஆறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெதர் வாக்கெடுப்புக்கு விட்டார். மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு. தள்ளிவைக்கச் சொல்லியிருந்தாலும் இதே கணக்குதான். ஹெதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இடிப்பதற்கு வாக்களித்தார். பக்கத்து ஊரில் வேலை செய்கிற கிரேன் திங்கட்கிழமையே இங்கே வந்துவிடும். அடுத்த மாதம் பேச பாலம் இருக்காது.

அதன் பிறகுதான் ஸ்டூவர்ட் காகிதத்தோடு வந்தார். சரளையில் குறையில்லை. டெண்டர் டேரனுக்கு, எல்லாரும் ஒரே மனதாக. ஸ்டூவர்ட் சமையலறைக் கதவைத் தட்டி, "கெல், வரலாம்" என்றார். திரும்பிப் பார்த்தவர், அன்றைய விஷயங்களை எழுதியிருந்த பலகையில் பாலத்துக்கு எதிரே முடிந்ததற்கான அடையாளத்தைக் கண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

கெல்வின் வந்தார், உட்காரவில்லை.

"தலைவர் அவர்களே, பாலம் பத்தின முடிவை ரத்து செய்யணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

அப்படி ஒரு விதி உண்டு. ஒரு முடிவை அதே கூட்டத்திலேயே ரத்து செய்யலாம். மூன்று பேர் ஆதரிக்க வேண்டும், முடிவெடுத்தபோது இருந்த அத்தனை பேரும் அப்போதும் அறைக்குள் இருக்க வேண்டும். மூன்று கைகள் உயர்ந்தன. ஆறு பேரும் இருந்தார்கள். "அனுமதிக்கத்தான் வேணும்," என்றார் ஹெதர். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்ததாக எனக்குப் பட்டது.

நெவில் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க, நெவில்?"

"பாத்ரூமுக்கு. அதுக்கும் தீர்மானம் போடணுமா?"

ஆனால் அவர் போனது சமையலறைக்கு. கதவை மூடிக்கொண்டார். ஆறு பேரில் ஒருவர் வெளியே இருந்தால் ரத்து செய்ய முடியாது.

அவர் வருகிறவரை ரத்துத் தீர்மானம் காத்திருக்கட்டும், மற்றதைப் பார்ப்போம் என்றார் ஹெதர். மீதியிருந்தது கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது ஒன்றுதான். அது முடிந்தால் கூட்டம் முடிந்தது. ஒருவர் ஐந்து நிமிடம் பேசலாம். கூட்டத்தில் ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத கெல்வின் எழுந்து புல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எந்தப் புல் எந்த மாதம் காயும், எந்த ஓரத்தில் முள் வரும், யாருடைய கல்லறைக்குப் பின்னால் முயல் வளை இருக்கிறது. நெற்றியில் வேர்வை. கண் மட்டும் கதவில்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் வேறு பேச்சு ஓடியது.

"ஸ்கோன் எடுத்துக்கோ, நெவில்."

"வேணாம்."

"விஷம் வைக்கல. நேரம் கிடைக்கல."

"எனக்கு உன் மேல கோவம் இல்ல, கிளெனிஸ்."

"எனக்கு இருக்கு."

"அந்தப் பாலத்துக்குக் கொட்டற காசுல எங்க பக்கத்து ரோடு மொத்தத்தையும் போடலாம். ரெண்டு பசங்க அங்க வண்டி கவுந்து செத்தாங்க. மறந்துட்டியா?"

"மறக்கல. அந்தத் துக்கத்துக்கு கேக் செஞ்சு எடுத்துட்டு வந்தது யாரு?" ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம். "இத இப்படி நகத்து. படபடன்னு வருது."

"கெல்ல கூப்பிடவா?"

"கூப்பிடாத. அவர் புல்லப் பத்திப் பேசிட்டிருக்காரு."

கெல்வின் பாதி வாக்கியத்தில் நின்றார். ஹெதரிடம் அனுமதி கேட்கவில்லை, நாற்காலியை உள்ளே தள்ளவும் இல்லை. போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன். கிளெனிஸ் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பையில் மாத்திரை இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாக்கின் அடியில் வைத்தேன். நெவில் அவள் முகத்துக்கு நேரே தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார்.

உள்ளே, புல் பற்றிப் பேச வேறு யாரும் இல்லாததால் அது நிறைவேறியது. கூட்டம் முடிந்தது என்று ஹெதர் அறிவிப்பது சன்னல் வழியே கேட்டது.

"நான் விதிப்படிதான் செஞ்சேன், கெல்," என்றார் நெவில்.

கெல்வின் அவள் கையை விடவில்லை. "ஆமா," என்றார். "சரியாத்தான் செஞ்ச."

கிளெனிஸ் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்கய்யா" என்றாள்.

கிரேன் சொன்ன நாளில் வந்தது. குளிர் தொடங்குவதற்குள் அவர்கள் பண்ணையை டேரனிடம் விட்டுவிட்டு, என் கடைக்குப் பின் தெருவில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கெல்வின் இன்னும் கவுன்சிலில் இருக்கிறார். பதவிக்காலம் முடிய இரண்டு வருடம் பாக்கி. நடுவில் விலகினால் இடைத்தேர்தல் வரும், அவருடைய இடத்துக்கு நிற்பதாகச் சொல்கிறவர் நெவிலின் மைத்துனர்.

போன வாரம் மாத்திரை வாங்க வந்த கிளெனிஸிடம், புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் கொட்டகை எதிர்லயே. பாத்துட்டே இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆக மாட்டேங்குது," என்றாள். பையை மூடிவிட்டு வெளியே பார்த்தாள். "அவரத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. விடிஞ்சதும் பூட்ஸ் மாட்டிட்டு கேட் வரைக்கும் போறாரு. அப்புறம் கழட்டிட்டு வந்து உக்காந்துக்கறாரு."