குழாயில் மூன்று தட்டு

நெசாகெத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே எழுந்து திரைச்சீலையைச் சரிசெய்வாள். போனில் பேசிக்கொண்டே ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பாள். “இவளைக் காலில் சக்கரம் கட்டித்தான் எனக்குக் கொடுத்தார்கள்” என்பான் அவள் புருஷன் ஜெமால். அவன் பஸ் டிரைவர். அவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அவள் கால் மட்டும் ஓயவில்லை.

துருக்கியின் குளிர்ந்த எர்சுரூம் ஊரில் அவள் உட்காருகிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று அவளுடைய மூன்றாம் மாடி வீட்டில், ஜன்னல் ஓரத்துத் தையல் மெஷின். மணப்பெண்களுக்குப் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை தைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தாள், ஜெமாலை நல்லபடியாக அடக்கமும் செய்தாள். மற்றொன்று, நேர் கீழே குல்சும் வீட்டுச் சமையலறை. குல்சுமும் தனியாள்தான். யார் வீட்டில் டீ தயாரானாலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாயில் கரண்டியால் மெதுவாக மூன்று தட்டு. சுடுதண்ணீர் அடித்தளத்துக் கொதிகலனிலிருந்து எல்லா மாடிக்கும் ஒரே குழாயில் ஏறுவதால், கீழே தட்டினால் மேலே கேட்கும். அந்த ஊரில் குழாயைத் தட்டுவது பெரும்பாலும் சண்டைக்குத்தான். மேல்வீட்டுப் பிள்ளை குதித்தால் கீழ்வீட்டார் கையில் கிடைத்ததை எடுத்துப் படபடவென்று அடிப்பார்கள். இவர்கள் இருவர் மட்டும் அதே குழாயில் டீக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அதெல்லாம் இலையுதிர் காலத்தில் நடந்த கட்டடக் குடித்தனக்காரர்கள் கூட்டம் வரைக்கும்தான். ரேடியேட்டருக்கெல்லாம் புது வால்வு போடலாமா என்று பேச்சு. வேண்டியவர்கள் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் குறைத்துக்கொள்ளலாம். அப்படியே பேச்சு சத்தத்தின் பக்கம் திரும்பியது. யார் வீட்டு டிவி, யார் வீட்டு நாய் என்று போய்க்கொண்டிருந்தபோது குல்சும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க நாயெல்லாம் ஒரு சத்தமா? நான் இத்தன வருஷமா ஒரு ஃபேக்டரிக்கு அடியில குடியிருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நெசாகெத் சிரிக்கவில்லை. தனக்குச் சோறு போடுகிற மெஷினைப் போய்ச் சபையில் சொல்லிச் சிரித்துவிட்டாள் என்று உள்ளுக்குள் வெந்துபோனாள். அவளுக்கு மூக்கின் மேல் கோபம். அன்றிலிருந்து கரண்டியும் இல்லை, டீயும் இல்லை.

புது வால்வு வந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது.

மெஷினில் உட்காருவாள். இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் இருப்பதால் அறை சூடாகிவிடும், ரேடியேட்டரைக் கொஞ்சம் குறைத்து வைப்பாள். ஒரு விளிம்பு தைத்து முடிப்பதற்குள் குழாயில் டக்டக்டக்டக் என்று அடி விழும். மெஷினை நிறுத்தி, இஸ்திரிப் பெட்டியை அணைத்து, எரிச்சலில் எழுந்து, அறை ஆறாமலிருக்க வால்வை முழுக்கத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள். சத்தம் நின்றுவிடும். மறுபடி வந்து உட்காருவாள், குறைப்பாள், தைப்பாள். மறுபடி டக்டக்டக்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தைத்தால் அடிக்கிறாள், நிறுத்தினால் நிறுத்துகிறாள். ஒருநாள் பொறுக்காமல் கத்தரிக்கோலின் கைப்பிடியால் இவளும் குழாயை நாலு சாத்து சாத்தினாள். கீழேயிருந்தும் பதிலுக்குத் தட்டு வந்தது. அந்த இரைச்சலில் எது யாருடைய அடி என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அவளிடம் இல்லை.

கட்டடத்து வேலைகளைப் பார்க்கும் துர்சுன் ரொட்டி கொண்டுவந்தபோது வாயைத் திறந்தான். “அக்கா, கீழ்வீட்டு குல்சும் அக்காவுக்கு...”

“அந்தப் பேரை என் வாசல்ல எடுக்காதே.”

“இல்லக்கா, அவங்க போன மாசம்...”

“ரொட்டிய வச்சுட்டுப் போ துர்சுன்.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். சொல்ல வந்தவன் வாயை அடைத்தால் அவன்தான் என்ன செய்வான்.

மாதம் போகப் போகத் தையல் நின்றது. மெஷின் மேல் துணி போட்டு மூடினாள். வந்த ரஜாய்களைத் திருப்பி அனுப்பினாள். வேலை இல்லாத கைகளோடு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். ஜன்னலுக்கு, வாசலுக்கு, மறுபடி ஜன்னலுக்கு. வெளியே தெருவெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது, அங்கேயும் நடக்க முடியாது. ஒருநாள் புர்சாவில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, “வந்துடறேன், வீட்டை வாடகைக்கு விட்டுடறேன்” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஜெமால் இருந்த வீடு, பிள்ளை பிறந்த வீடு. ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள்.

வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் கோட்டைக் கழற்றியபடி, “ரொம்பச் சூடா இருக்கே” என்று ரேடியேட்டரைக் குறைத்தாள். சற்று நேரத்தில் டக்டக்டக்டக்.

“இது என்ன சத்தம்?”

“கீழ ஒருத்தி இருக்கா. அவ வேலை” என்றாள் நெசாகெத். சொல்லும்போதே ஏதோ இடறியது. மெஷின்தான் மூடிக் கிடக்கிறதே, இப்போது எதற்கு அடிக்கிறாள்?

புருஷன்காரன் குனிந்து ரேடியேட்டரில் கை வைத்தான். “இது உள்ளேயிருந்து வருதும்மா. சரிபண்ணிக் கொடுங்க, அப்புறம் வர்றோம்.”

மறுநாள் துர்சுன் பிளம்பர் தஹ்சினை அழைத்துவந்தான். தஹ்சின் நல்ல வேலைக்காரன்தான், வாய்தான் காது வரைக்கும். வந்ததும் வராததுமாக, “காத்து அடைச்சிருக்குக்கா, வேற ஒண்ணுமில்ல” என்று தீர்ப்புச் சொன்னான். மூலையில் இருந்த சிறு திருகைச் சாவியால் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று போய், கறுப்புத் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. “முடிஞ்சுது” என்று கையைத் துடைத்தான். நெசாகெத் வால்வைக் குறைத்தாள். டக்டக்டக்டக்.

தஹ்சின் தலையைச் சொறிந்தான். சுவரில் பிடித்திருந்த கொக்கியை ஆட்டிப் பார்த்தான், அது கெட்டியாக இருந்தது. வால்வை முழுக்கத் திறந்தான், சத்தம் நின்றது. குறைத்தான், வந்தது. மறுபடி திறந்தான். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, வால்வின் வயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அம்புக்குறி தலைகீழா இருக்கு. தண்ணி இந்தப் பக்கத்திலேர்ந்து வரணும், இது அந்தப் பக்கம் பாக்குது. பாதி மூடினா உள்ள இருக்கற மூடியைத் தண்ணியே இழுத்து இழுத்து அடிக்கும். எந்தக் கழுதை இதை மாட்டினது அக்கா?”

“நீதான்” என்றாள் நெசாகெத்.

துர்சுன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். தஹ்சின் டார்ச்சை அணைத்தான். “அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்க்கா” என்றான்.

தண்ணீரை அடைத்து, வால்வைக் கழற்றி, திருப்பி மாட்டிவிட்டுப் போனான். காசு பற்றி வாயே திறக்கவில்லை.

அவர்கள் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. நெசாகெத் வால்வைக் குறைத்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் குறைத்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. அப்படியென்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் யாரோடு சண்டை போட்டாள்? முகம் சுட்டது. இருப்புக் கொள்ளாமல் அறையைச் சுற்றி வந்து, மெஷின் மேலிருந்த துணியை உருவி எறிந்தாள். ஒரு பழைய தலையணை உறையை வைத்து ஓட்டினாள். கால் தானாக மிதித்தது. மெஷின் தடதடத்தது. அவள் உடம்புக்கு உயிர் திரும்பியது.

அப்போது குழாயில் தட்டு கேட்டது.

நெசாகெத் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வால்வாம், அம்புக்குறியாம். தைத்த உடனே தட்டுகிறாளே. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமல் விடுவதில்லை என்று வீட்டுச் செருப்போடு படியில் இறங்கினாள். பாதி இறங்கியபோது மறுபடி கேட்டது. டக். டக். டக். அவள் கால் நின்றது. யாரும் சண்டைக்கு இப்படி விட்டு விட்டு, மெதுவாகத் தட்டுவதில்லை. அது கரண்டிச் சத்தம்.

குல்சும் வீட்டுக் கதவு தாழிடாமல் இருந்தது. “தள்ளிக்கிட்டு வா, என்னால எழுந்துக்க முடியாது” என்று குரல் வந்தது.

சமையலறையில் குல்சும் ஒரு காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்க மாவுக்கட்டு. பக்கத்தில் ஊன்றுகோல், கையில் கரண்டி. மேஜையில் இரண்டு டீ கிளாஸ்.

“ரொட்டிக்கடை வாசல்ல பனியில வழுக்கிட்டேன்” என்றாள். “துர்சுன்கிட்ட சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா? நீ பாட்டுக்கு மேலேர்ந்து அவசர அவசரமா தட்டிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. நான் எப்படிடி ஏறி வர்றது? நீ இறங்கி வாடின்னுதான் நானும் தட்டினேன். தினம் உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி வைப்பேன். ஆறினதும் கொட்டுவேன்.”

நெசாகெத் நிலைப்படியிலேயே நின்றாள்.

“அப்புறம் மெஷின் சத்தமும் நின்னு போச்சு. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன். இப்ப அது ஓடவும்தான் எனக்கு மூச்சு வந்தது.” குல்சும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அந்தக் கூட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன். நீ கோபிச்சுக்கிட்டேன்னு தெரியும். அப்படியும் நீதானே முதல்ல கூப்பிட்டே. அதுவே எனக்குப் போதும்டி.”

தொண்டையில் வால்வும் அம்புக்குறியும் தஹ்சினின் காய்ச்சலும் வரிசையாக வந்து நின்றன. நெசாகெத் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“பின்ன, நான் கூப்பிடாம வேற யார் கூப்பிடுவா” என்றாள்.

குல்சும் டீயை ஊற்றினாள். “வீட்டை விட்டுட்டு புர்சா போறியாமே. துர்சுன் சொன்னான்.”

“அவனுக்கு வேற வேலை இல்ல.”

நெசாகெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கிளாஸ் குடித்தாள். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.