ரோட்டுக்கு மேற்கே இரண்டு வருஷம்

எங்கள் ஊரில் உயர்கல்விக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நகரத்தை விட்டு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி வரும். அதைத் தாண்டினால் பொறியியல் கல்லூரி, அதற்கும் அந்தப் பக்கம் செவிலியர் கல்லூரி. கல்லூரிப் பேருந்துகளின் ஜன்னல்களில் எல்லா மாநில முகங்களும் தெரியும். புதுச்சேரிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. புதுச்சேரியிலேயே பிறந்து தொலைத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் காகித வேலை உண்டு.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காரைக்காலில் அரசாங்கம் நடத்தும் விவசாயக் கல்லூரியில் ஓர் இடம். சொந்தக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மல்லாட்டைக் கடலை போடவும் சவுக்கு வெட்டவும் நாலு வருஷம் படிக்க வேண்டுமா, உங்கப்பா எந்தக் காலேஜுக்குப் போனார் என்று கேட்டார்கள். அவர் போகவில்லை, அதனால்தான் மல்லாட்டையில் கையைச் சுட்டுக்கொண்டு தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் கம்பெனி ஷிப்ட் பார்க்கிறார் என்று பதில் சொன்னேன். அம்மா என் தலையில் குட்டினாள். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வந்தது. தனியார் கல்லூரியில் சேர்க்க வீட்டில் வசதி கிடையாது. இந்த இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் பன்னிரண்டாவதோடு சரி.

அதற்கு மதிப்பெண் மட்டும் போதாது, குடியிருப்புச் சான்றிதழும் வேண்டும். ஐந்து வருஷம் விடாமல் புதுச்சேரியில் குடியிருந்தேன் என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும். பதினேழு வருஷமும் ஒரே வீட்டில் படுத்து எழுந்தவளுக்கு இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் தெரு நகரத்தின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. ரோட்டுக்குக் கிழக்கே புதுச்சேரி, மேற்கே தமிழ்நாடு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் பிரெஞ்சு பேசினான், இன்னொருவன் இங்கிலீஷ் பேசினான். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு எதிரே ஒரு கோட்டைப் போட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்கள் வீடு கிழக்கே. நிலமும் அதில் ஒரு மோட்டார் கொட்டகையும் மேற்கே. மாடு ஒரு நாளைக்கு நாலு தடவை மாநிலம் மாறும்.

இப்படிப்பட்ட தெருவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்த அரசாங்கம் எதைக் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் ரேஷன் கார்டை நகர்த்திக்கொள்வோம். வெயிலுக்குத் தக்கபடி கட்டிலை இழுத்துப் போடுகிற மாதிரிதான், யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. மேற்கே விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் கொடுத்த காலத்தில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. யாரும் ஒரு சொம்பைக்கூட இடம் மாற்றவில்லை. அப்பாவும் எங்கள் கார்டை இங்கே நீக்கி, மோட்டார் கொட்டகை விலாசத்துக்கு மாற்றினார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனுஷர், என் பேரையும் மறக்காமல் சேர்த்திருந்தார். இரண்டு வருஷம் கழித்துப் புதுச்சேரியும் ஏதோ கொடுக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டதும் கார்டு பத்திரமாக வீடு திரும்பியது.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. சான்றிதழ் கேட்டுப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் திரையைப் பார்த்துவிட்டு, நடுவில் இரண்டு வருஷம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறாயே என்றார். அந்தக் கொட்டகையில் மோட்டாருக்கே இடம் பற்றாது சார் என்றேன். அது அவருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றார். சரி, தமிழ்நாட்டுக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மேற்கே உள்ள தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே மரியாதையாக உட்கார வைத்து விசாரித்தார்கள். ஒன்றாவதிலிருந்து புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, அதே மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள். கிழக்கே கேட்டால் நான் மேற்கே, மேற்கே கேட்டால் கிழக்கே. நட்ட நடு ரோட்டில் நின்றால் தண்ணீர் லாரி ஒன்றுதான் என்னைச் சேர்த்துக்கொள்ளும்.

விண்ணப்பிக்க நாலு நாள்தான் பாக்கி. கிராம நிர்வாக அலுவலர் நல்லவர், ஒரு வழி சொன்னார். இந்தக் குடும்பம் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருந்தது என்று அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் விசாரித்து எழுதுகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. எனக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கும் தெரு அது.

ஆனால் அன்று பார்த்துத் தெருவே சீக்கில் விழுந்தது. ஒருவருக்குக் கண்ணாடி தொலைந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. இன்னொருவருக்கு வலது கையில் சுளுக்கு. மூன்றாமவர் சிதம்பரம் போயிருப்பதாக அவரே வீட்டுக்குள்ளிருந்து சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும்தான் உள்ளதைச் சொன்னார். உறவில்லை, அப்பாவுக்கு மூத்தவர் என்பதால் பெரியப்பா. அவருடைய மகளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவளும் அதே கல்லூரிக்குத்தான் ஆசைப்பட்டாள், அவள் கார்டிலும் அதே இரண்டு வருஷ ஓட்டை.

"தம்பி, உனக்குப் போட்டா நாளைக்கு என் கார்ட நோண்டுவான். என்ன மாட்டி வுடாத" என்று என்னோடு வந்திருந்த அப்பாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆடிவிட்டேன். ஒரு மிக்சிக்கு என்னை விற்றுவிட்டீர்கள் என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அந்த மிக்சியில் அம்மா அரைத்த சட்னியைத்தான் அன்று காலையில் மூன்று இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் ஷிப்டுக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தார். நான் பொய் விலாசம் கொடுத்துக் கார்டு வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் ஆகுமா என்று கேட்டார். கிராம நிர்வாக அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு மனு வந்ததில்லை போலிருக்கிறது. ஐந்து கையெழுத்துக்குப் பதில் அது போதும், ஆனால் எழுதிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் நடவடிக்கை வரும், தெருவில் வைத்துப் படித்துக் காட்டித்தான் விசாரணையை முடிக்க முடியும் என்று எச்சரித்தார்.

"எம்பொண்ணு எங்கயும் போவல சார்" என்றார் அப்பா. "நாந்தான் போனேன். அப்பிடியே எழுதிக்குங்க."

அன்று சாயங்காலம் அப்பா எழுதிக் கொடுத்ததை எங்கள் வாசலில் வைத்துப் படித்தார்கள். 'பொய்யான முகவரி அளித்து, அரசை ஏமாற்றி' என்ற இடத்தில் அலுவலரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுளுக்குக்காரர் வந்திருந்தார், சிதம்பரம் போனவரும் திரும்பியிருந்தார். கண்ணாடி தொலைத்தவர் முன்வரிசையில் நின்று நன்றாகப் பார்த்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் அவரால் இல்லை, முதல் நாள் நான் கத்தியதால்.

சான்றிதழ் வந்தது. இடமும் கிடைத்தது. எங்கள் கார்டை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். மேற்கே இருந்த ஆபீசுக்கு அப்பா இரண்டு தடவை போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். தெருவில் அவருக்கு 'உத்தமர்' என்று பேர் வைத்தார்கள். உத்தமர் ஷிப்டுக்குப் போறாரு, உத்தமர் மாட்டுக்குப் புல் அறுக்கிறாரு என்று அவர் காதுபடவே சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து புதுச்சேரிக்கே சொந்தமான காரைக்காலுக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அந்த நாலு மணி நேரமும் நான் எங்கே குடியிருந்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சான்றிதழ் என் கைக்கு வந்தபோது விண்ணப்பிக்க இரண்டு நாள் பாக்கி இருந்தது. அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போய், அதே மாதிரி ஒரு கடிதம் போதும், நானே எழுதித் தருகிறேன் அண்ணே என்று சொல்லிப் பார்த்தார். நாலு பேர் எதிரில் என்னைப் பொய்யன் என்று படிக்கச் சொல்கிறாயா என்று பெரியப்பா கதவைச் சாத்திக்கொண்டார். பெரியப்பா மானஸ்தர்.

முதல் விடுமுறையில் வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாப்பில் அவருடைய மகளைப் பார்த்தேன். தட்டாஞ்சாவடியில் மாத்திரை அட்டை அடுக்கும் வேலை முடிந்து வந்திருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். வயலில் இறக்கி நடவு நடச் சொல்கிறார்களாமே என்று கேட்டாள். ஆமாம், சேறு போக நாலு நாள் ஆகும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு மானம் கம்மிடி. குடுத்து வச்சவ நீ."

 நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு தெருவுக்கு நடந்தேன். பன்னிரண்டாவதில் அவளுக்கு என்னைவிடப் பதினோரு மதிப்பெண் அதிகம்.