ஆறு மணிக் குண்டு

பேகம்பூர் தோல் மண்டியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்த நூர் அகமதுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஏர் ரைஃபிள். மனைவி மஹ்ஜபீன் மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு வருடம். மகன் ரிஃபாத் ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிட்டு, "சாப்டீங்களா அத்தா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். ஆகவே தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் அறையில் நின்றுகொண்டு, ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீட்டின் கடைசியில், அடுப்படிச் சுவரோரம் இருக்கும், பழந்துணி அடைத்த இரும்புப் பெட்டியில் குறி அட்டையை ஒட்டிச் சுடுவார். பேச ஆளில்லாத மனுஷன் எதையாவது செய்துதானே ஆக வேண்டும்?

குண்டு மிளகு அளவுதான். சத்தம்தான் பெரிது. குண்டைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று குழலின் வாயில் மொத்தமாக வெடித்து வெளியேறும். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம், பின்வீட்டு சூர்யகலாவின் கைப்பிள்ளை வீறிட்டு அழும். அவள் வீட்டு வாசல் அடுத்த தெருவில். முகம் பார்த்தது மூன்று தடவை இருக்கும். குரல்தான் தினமும் வரும்.

"பாய்! பிள்ள இப்பத்தான் கண்ணசந்தான். செத்த நேரம் நிறுத்துங்க!"

"சரி தாயி, நிறுத்திட்டேன்!"

பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது அவருக்கு உறுத்தியது. லேத் பட்டறை சேவியரிடம் சொல்லி, குழலின் வாயில் மாட்ட, காற்று பக்கவாட்டில் பிரிந்துபோக ஓட்டை போட்ட ஒரு குழாய்மூடி செய்து வாங்கினார். சத்தத்தை உறிஞ்ச அதன் உள்ளே எதை வைப்பது? தோல்காரருக்குத் தோலைத் தவிர வேறென்ன தோன்றும்! மழைக்காற்றில் தோல் உப்பி, குண்டு அதில் உரசி, அட்டையை விட்டு அடுப்படிச் சுவரைக் கொத்தியது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு கம்பளித் துணிக்கு மாறினார். அதற்குப் பிறகு சத்தம் பீரோக் கதவைச் சாத்துகிற அளவுக்கு அடங்கிவிட்டது.

முதல் நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் சுட்டுவிட்டுக் காது கொடுத்து நின்றார். ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள்தான் உறைத்தது: ஒரு நாளில் தன்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அந்தக் குரலையும் தன் கையாலேயே அடைத்துவிட்டார். இந்த வயதில் ஒரு வசவுக்கு ஏங்குவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் மூடியைக் கழற்றிவிட்டுச் சுட்டார். பிள்ளை அழுதது.

"பாய்... இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி."

"ரெண்டு வாரமா சத்தமே காணோம். ஒங்களுக்கு என்னமும் ஆயிருச்சோன்னு தெனமும் சுவத்துல காத வச்சுப் பாத்தேன். வந்து கதவத் தட்டத்தான் பயமா இருந்துச்சு."

நூர் அகமது துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிச் சுவரோரம் போய் நின்றார்.

இப்போதெல்லாம் முதல் குண்டை மட்டும் மூடி இல்லாமல் சுடுகிறார். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடுகிறது.

"பாய், பிள்ள முழிச்சுத்தான் இருக்கான். சுடுங்க!"