கட்டவும் அவிழ்க்கவும் ஒரு வயிறு

என் சித்தி ஊரார் துணிகளை வீட்டிலேயே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். அவள் வயிற்றைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

மகள் ஒன்று, மகன் ஒன்று பிறந்ததும், போதும் என்று கருத்தடை ஆபரேஷன் செய்ய வைத்தது அவளுடைய மாமியார்தான். போன வருடம் அந்தப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். சித்தியின் கண்ணீர் காய்வதற்குள், வெட்டிக் கட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைக்கலாமாம், இன்னொரு பையனைப் பெறலாமாம் என்று மாமியார் ஆரம்பித்துவிட்டாள். அதுவும் சாப்பிடும்போது. வாய் நிறைய சோறு, பேச்செல்லாம் குழாய்.

"கட்டச் சொன்னா கட்டவும், அவுக்கச் சொன்னா அவுக்கவும் நான் என்ன சாக்கு மூட்டையா அத்தை?" என்று சித்தி ஒரே ஒரு தடவை கேட்டாள். யார் காதில் விழுந்தது?

சித்தப்பாவுக்கு நான் வைத்த பெயர் பல்குச்சி. எந்நேரமும் பல்லைக் குத்துவார். குத்தி எடுத்ததை முகர்ந்தும் பார்ப்பார். மறுபடி வயிற்றைக் கிழிக்கணும், அப்புறமும் குழந்தை நிச்சயமில்லை என்று டாக்டரம்மா சொன்னபோதும் குத்திக்கொண்டுதான் இருந்தார். முதலில் அவருடைய விந்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றதும்தான் குச்சி நின்றது. ரெண்டு பெத்தவனையே சந்தேகப்படுறதா என்று வழியெல்லாம் கத்தினார். கத்தி என்ன செய்ய? அந்தப் பரிசோதனை முடியாமல் ஆபரேஷன் கிடையாதாம்.

பரிசோதனை நாளன்று காலை, விந்து பிடித்துத்தர ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவோடு குளியலறைக்குள் போனவர் வருகிற வழியாக இல்லை. வெளியே மாமியார் கதவைத் தட்டித் தட்டி, "ஆச்சாடா? ஆச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற தாய் இப்படி மேற்பார்வை பார்த்தால் எவனுக்குத்தான் ஆகும்? கடைசியில் வேர்த்து வழிய வெளியே வந்து டப்பாவை நீட்டினார். சித்தி துணிக்காக உள்ளே கரைத்து வைத்திருந்த கஞ்சியின் மேல் படிந்த ஏடு, யாரோ அள்ளியதுபோலக் கலைந்து கிடந்தது. சித்தி பார்த்தாள். நானும் பார்த்தேன். சீ.

உயிரணு ஒன்றுகூட இல்லை என்று முடிவு வந்தது. டாக்டரம்மா சந்தேகத்தோடு இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார். பழையபடி அந்தக் கதவுக்குள் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முடியவே முடியாது என்றார் பல்குச்சி. அப்படியானால் குழாயை இணைத்துப் பயனில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. டப்பாவுல என்ன கொடுத்தீங்கன்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் சித்தி, மெதுவாக.

அவர் வாயிலிருந்த குச்சியை எடுத்தார். பிறகு தரையைப் பார்த்து, "குறை என்கிட்டதாம்மா" என்றார்.

மாமியார் அதற்குப் பிறகு குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. சித்தி அறைக்குள் போய் மகளைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன பிள்ளைக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். நான் கதவைச் சாத்திவிட்டு, யாரும் உள்ளே போகாதபடி வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டேன்.